தேதி இல்லாத அழைப்பிதழ்

மே 12, திங்கள்

வரத்து கூடுதல், விலை இறக்கம். கேரளாவில் மழை தொடங்கிவிட்டால் எலுமிச்சையைச் சீந்த ஆள் இருக்காது. அதற்குள் தள்ளிவிட வேண்டும்.

புது ஆள் ஒருவர் மூட்டை கொண்டுவந்திருந்தார். மேலே பழமெல்லாம் பொன் மாதிரி மின்னியது. நான் மேல்பழத்தைப் பார்ப்பதே இல்லை. கவிழ்த்துக் கொட்டச் சொன்னேன். அடியில் பாதி சொத்தை. "வேலையாள் கட்டுனது அண்ணாச்சி, எனக்குத் தெரியாது" என்றார். புளியங்குடியில் எல்லா மூட்டையையும் வேலையாள்தான் கட்டுகிறான் போலிருக்கிறது. சின்ன வயதில் இதே சந்தையில் சிதறிய பழம் பொறுக்கிக் கூறு போட்டு விற்றவன் நான். இன்று சொந்த மண்டி வைத்திருக்கிறேன் என்றால் யாரையும் நம்பாததால்தான்.

மகள் சுபாவைக் கேட்டுவந்த சுரண்டை இடத்துக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. பையன் இளையபெருமாள். செல்போன் பழுது பார்க்கிற கடை, சொந்தக் கட்டடம். அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சலூனில் விசாரித்தேன், எதிர் டீக்கடையில் விசாரித்தேன், அவர்கள் தெருவில் பால் ஊற்றுகிறவரிடமும் விசாரித்தேன். மூன்று பேரும் தங்கமான பையன் என்கிறார்கள். எனக்கு அதுதான் உறுத்துகிறது. மூட்டையை இன்னும் கவிழ்த்துப் பார்க்கவில்லை.

தொழிலும் பிடிக்கவில்லை. ஊரார் போனைத் திறந்து உள்ளே பார்க்கிற வேலை.

மே 15, வியாழன்

என் போனில் சார்ஜ் ஏறவில்லை. என் வீட்டுக்காரி சொர்ணம் என்னைக் கேட்காமலே சுரண்டைக்குச் சொல்லிவிட்டாள். சாயங்காலம் பையன் வந்து நிற்கிறான். போன் பழுது பார்க்க ஊரில் வேறு ஆளா இல்லை?

கூடத்தில் உட்கார்ந்து பிரித்தான். நான் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு திருகாணியாகப் பார்த்தேன். முடித்ததும், "லாக்க எடுத்துப் பாருங்க மாமா" என்றான். மாமாவாம். இன்னும் வெற்றிலை மாற்றவில்லை, அதற்குள் மாமா. நான் திரும்பி நின்று எண்ணை அழுத்தினேன். அவனும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். நல்ல நடிப்பு.

போகும்போது சொன்னான்: "மாமா, தெரியாத நம்பர்லருந்து லிங்க்கு, ஃபைலு எது வந்தாலும் தொட்றாதீங்க. ஒரு ஆப்ப உள்ள இறக்கிவிட்டு எல்லாத்தையும் உருவிருதானுவ."

"தெரியாதவன் வீட்ல நான் தண்ணிகூட குடிக்க மாட்டேன் தம்பி. லிங்க்க தொடப் போறேனாக்கும்!"

சிரித்தான். காசு வாங்க மாட்டேன் என்றான். வாங்காதவனிடம்தான் அதிகம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

சுபா காபி கொடுத்தபோது லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. வெயில் கூச்சமாக இருக்கும்.

மே 16, வெள்ளி

தூறல். நனைந்த பழத்தைப் பிரித்துக் காயவைத்ததிலேயே பொழுது போய்விட்டது.

மே 18, ஞாயிறு

கடையநல்லூர் ராசையா வாட்ஸ்அப்பில் கல்யாண அழைப்பிதழ் அனுப்பியிருக்கிறார். மரக்கடைக்காரர், எனக்குப் பழப்பெட்டி அடித்துத் தருகிறவர். வீட்டுக்கு வந்து வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க முடியாத அளவுக்கு என்ன அவசரமோ. யாருக்குக் கல்யாணம் என்றுகூடத் தெரியவில்லை. மகனுக்குத்தான் இருக்கும்.

மரியாதை இல்லாத அழைப்புதான். ஆனால் பார்க்காமல் விட முடியுமா? நான் அவர் வீட்டுப் பந்தியில் உட்காரவில்லை என்றால் நாளைக்கு அவர் என் வீட்டுக்கு வரமாட்டார். சீசனில் பெட்டியும் வராது.

தொட்டேன், திறக்கவில்லை. ஏதோ அனுமதி கேட்டது. சரி என்றேன். மறுபடி கேட்டது, மறுபடி சரி. ஆங்கிலத்தில் நீளமாக ஒன்று வந்தது. அதற்கும் சரி. கல்யாண வீட்டு வாசலில் இத்தனை கெடுபிடி நான் பார்த்ததில்லை. கடைசியில் ஒரு பிள்ளையார் படம் வந்தது. 'எங்கள் இல்லத் திருமணம், அனைவரும் வருக.' அவ்வளவுதான். தேதி இல்லை, மண்டபம் இல்லை, பெண் மாப்பிள்ளை பேரும் இல்லை. பிறகு அதுவும் மறைந்துபோனது.

ராசையா சிக்கனக்காரர் என்று தெரியும். எழுத்தில்கூட மிச்சம் பிடிப்பார் என்று தெரியாது. நேரில் பார்க்கும்போது தேதி கேட்டுக்கொள்ள வேண்டும்.

மே 20, செவ்வாய்

போன் வடைச்சட்டி மாதிரி கொதிக்கிறது. சட்டைப்பையில் வைத்தால் நெஞ்சு சுடுகிறது. காலையில் ஏற்றிய சார்ஜ் மத்தியானத்தில் காலி.

அவன் கை பட்ட நாளிலிருந்துதான் இப்படி. அதற்கு முன்னால் சார்ஜ் ஏறாததைத் தவிர இந்தப் போனில் ஒரு குறையும் இல்லை.

இன்னொன்று. பெயர்ப் பட்டியலில் யாரையோ தேடும்போது 'மாப்பிள்ளை' என்று ஒரு பெயர் கண்ணில் பட்டது. நான் போட்டது இல்லை. அழுத்திப் பார்த்தால் சுரண்டைக்காரன் நம்பர். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் போனுக்குள் தன்னை மாப்பிள்ளையாக்கிக்கொண்டு போயிருக்கிறான். இந்தக் கையை எந்த மூட்டையில் விட்டாலும் பழம் திருடிவிடும். வீட்டில் சொல்லவில்லை. இன்னும் என்னவெல்லாம் செய்கிறான் என்று பார்ப்போம்.

பேங்க் மெசேஜ் இரண்டு நாளாக ஒன்றுகூட வரவில்லை. கடன் வேண்டுமா, கார்டு வேண்டுமா என்று அரிக்கிற தொல்லை விட்டது.

மே 21, புதன்

மண்டிக்குள் நுழையும்போதே லாரி புரோக்கர் ஆபிரகாம் கையைப் பிடித்துக்கொண்டார். "என்ன அண்ணாச்சி, பாப்பாவுக்குக் கல்யாணமாமே! கார்டப் பாத்தேன். நம்மள்லாம் போன்லயே கூப்ட்டு முடிச்சிட்டீரு, என்னா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடுத்து இஞ்சி வியாபாரி. அடுத்து பெட்ரோல் பங்கில். எல்லாரும் அதையே கேட்கிறார்கள். கார்டு பார்த்தார்களாம்.

யார் அனுப்பிய கார்டு என்று நான் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது? என் மகள் கல்யாணத்துக்கு யாரைய்யா உங்களை அழைத்தது என்று நானே கேட்டால் ஊர் என்ன பேசும்? பெண்ணைப் பெற்றவனுக்கே விஷயம் தெரியவில்லை என்று பந்தி பந்தியாகப் பேசும். "ஆமா ஆமா, பேசிட்டிருக்கோம்" என்று சிரித்து வைத்தேன்.

எனக்குக் கணக்கு புரிந்துவிட்டது. நான் பதிலை இழுத்தடிக்கிறேன். சுரண்டைக்காரர்கள் முந்திக்கொண்டு கார்டைச் சுற்றவிட்டிருக்கிறார்கள். ஊர் முழுக்கப் பரவிய பிறகு இவன் எங்கே மறுக்கப் போகிறான் என்ற தைரியம். ஊரார் நம்பரெல்லாம் எப்படிக் கிடைத்தது? என் போனைப் பிரித்தவன் யார்?

மே 22, வியாழன்

எழுதவே கை வரவில்லை. எழுதி வைக்காவிட்டால் நாளைக்கு மறந்து மன்னித்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

காலையில் பேங்குக்குப் போனேன். கணக்கில் இருந்த ஒரு லட்சத்து எண்பதாயிரம் இல்லை. செவ்வாய்க்கிழமை போயிருக்கிறது.

கவுன்டரில் இருந்த பெண், "ஓடிபி வந்திருக்குமே சார், யாருக்காவது சொன்னீங்களா?" என்றது.

"ஒரு மெசேஜும் வரலம்மா."

"அப்ப உங்க போனுக்குள்ள எதாச்சும் ஆப் உக்காந்துருக்கும் சார். வர்ற மெசேஜ அது எடுத்துட்டு உங்களுக்குக் காட்டாது. உடனே சைபர் போலீஸ் நம்பர் 1930-க்குப் போன் போட்டுச் சொல்லுங்க. சீக்கிரம் சொன்னாத்தான் பணத்த எங்கயாச்சும் நிறுத்த முடியும். கணக்க முடக்குறதுக்கு இதுல கையெழுத்துப் போடுங்க."

கையெழுத்துப் போட்டேன். 1930-க்குப் போடவில்லை. மண்டிக்காரன் ஏமாந்தான் என்று வெளியே தெரிந்தால் நாளைக்கு எந்த விவசாயி என்னிடம் மூட்டை இறக்குவான்? அதோடு, உள்ளே ஒன்றை உட்கார வைத்தது யார் என்றுதான் எனக்குத் தெரியுமே. நேரே சுரண்டைக்கு வண்டியை விட்டேன்.

கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். அவர்கள் எதிரில்தான் கேட்டேன். "எம் போன்ல என்னத்தல வச்ச?"

அவன் எழுந்து நின்றான். "என்ன மாமா ஆச்சு?"

"மாமான்னு சொன்ன, பல்லு பேந்துரும். பொண்ணுங் கேப்ப, போனையும் நோண்டுவ, பேங்க்கையும் வழிப்ப. கார்டும் நீயே அடிச்சு அனுப்புவ. தாலியையும் போன்லயே கட்டிருவியோ?"

கை நீட்டினான். "போன ஒரு நிமிசம் குடுங்க, பாக்கேன்."

"இன்னும் உருவ மிச்சம் இருக்கோ?"

அவன் அப்பா உள்ளேயிருந்து ஓடிவந்தார். "சம்பந்தி, உக்காந்து பேசுவோம்..." என்றார்.

"இனி சம்பந்தியுமில்ல, ஒண்ணுமில்ல. இதோட முடிஞ்சுது."

நான் வண்டியில் ஏறும்போது பையன் பின்னாலேயே வந்தான். "என்னை என்ன வேணா நினைச்சுக்கோங்க. அந்தப் போன மட்டும் இப்பவே ஆஃப் பண்ணி வைங்க" என்றான். அவன் சொல்லி நான் செய்யவா? அணைக்கவில்லை. அணைத்தால் வியாபாரம் என்னாவது?

வீட்டில் சொன்னேன். சொர்ணம் கரண்டியைச் சட்டியிலேயே விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள். "விசாரிக்காம அத்தன பேரு முன்னால கேட்டீங்களாக்கும்?" என்றாள். மூன்று இடத்தில் விசாரித்தவனைப் பார்த்து இந்தக் கேள்வி.

சுபா எழுந்து உள்ளே போய்விட்டது.

மே 23, வெள்ளி

சுபா சாப்பிடவில்லை. பசியில்லையாம்.

மே 23, வெள்ளி இரவு

காலையில் மாடத்தி வந்தாள். மலையடிவாரத்தில் ஒன்றரை ஏக்கர் எலுமிச்சை வைத்திருக்கிறவள். புருஷன் போன பிறகு தனியாக நின்று தோட்டம் பார்க்கிறாள். என் மண்டியைத் தவிர வேறெங்கும் பழம் இறக்கியதில்லை. மூட்டையைக் கவிழ்க்காமல் நான் விலை சொல்கிற ஒரே ஆள் அவள்தான்.

இன்று மூட்டை இல்லாமல் வந்தாள். தராசு மேடையிலேயே உட்கார்ந்தாள்.

"மோட்டாருக்கு வச்சிருந்த ரூவா எல்லாம் போச்சு அண்ணாச்சி. பேங்க்ல இப்பத்தான் சொன்னாவ. நேத்து ராத்திரி போயிருக்காம்."

"போன்ல எதையாச்சும் தொட்டியா?"

"தெரியாத நம்பர்னா நாந் தொடுவேனா? நீங்க அனுப்புன கார்டத்தான் தெறந்தேன்."

"எந்தக் கார்டு?"

"நேத்து சாயங்காலம் வந்துச்சே. நம்ம சுபா கல்யாணக் கார்டு."

போனை எடுத்து நீட்டினாள். மேலே என் போட்டோ. வியாபாரிகள் சங்கத்து விழாவில் மாலையோடு எடுத்தது. பக்கத்தில் 'எலுமிச்சை அண்ணாச்சி'. கீழே 'எங்கள் இல்லத் திருமணம்'. தொட்டதும் அதே பிள்ளையார் வந்தது. தேதி இல்லை.

என் போனை எடுத்துப் பார்த்தேன். மண்டி குரூப்பைத் தவிர நான் எதையும் பார்க்கிற வழக்கமில்லை. கீழே தள்ளத் தள்ள ஒவ்வொரு பெயரிலும் அந்தக் கார்டு போயிருந்தது. ஆபிரகாமுக்கு, இஞ்சிக்காரருக்கு, பெட்ரோல் பங்குக்கு, கோயில் பூசாரிக்கு. நேற்றும் போயிருக்கிறது. சுரண்டையில் அவன் அணைக்கச் சொன்ன பிறகும்.

மாடத்தியின் போனை வாங்கி ராசையாவுக்குப் போட்டேன். "யார் வீட்டுக் கல்யாணம் வே?" என்றேன்.

"எங்க வீட்ல கல்யாணமா? எம் மவன் இப்பத்தான் காலேஜ் சேந்துருக்கான். எம் போனுல எவனோ பூந்து ஊருக்கெல்லாம் கார்டு அனுப்பிட்டான் வே. ஒமக்கு ஆள்விட்டுச் சொல்லணும்னு நெனச்சேன். வெக்கமா இருந்துச்சு, விட்டுட்டேன்."

அவருக்கு வெட்கம். எனக்கு மானம். நடுவில் இவள் மோட்டார் போய்விட்டது.

என் போனை அணைத்தேன். பேங்குக்கு அவளைத் திரும்ப அழைத்துப் போய்க் கணக்கை முடக்கச் சொன்னேன். அங்கேயே உட்கார்ந்து பேங்க் போனிலிருந்து 1930-க்குப் பேச வைத்தேன். அவளுடையதைச் சொல்லி முடித்த பிறகு என்னுடையதையும் சொன்னேன். "எப்ப சார் போச்சு? இத்தன நாள் ஏன் சொல்லல?" என்று கேட்டார்கள். தேதியையும் தொகையையும் மட்டும் திரும்பச் சொன்னேன்.

மாடத்தி என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஒங்க பேரப் பாத்துட்டு எப்படி அண்ணாச்சி தெறக்காம இருக்க முடியும்?" என்று மட்டும் கேட்டாள்.

ராசையா பேரைப் பார்த்து நானும் அப்படித்தான் திறந்தேன். ஆயுசு முழுக்க மூட்டையைக் கவிழ்த்துப் பார்த்தவன், மேல்பழத்தைப் பார்த்து வாங்கியிருக்கிறேன். அடுத்தவர்களுக்கு மேல்பழமாகவும் இருந்திருக்கிறேன்.

இதற்கு மேல் எழுத ஓடவில்லை.

மே 25, ஞாயிறு

சொர்ணத்திடம் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அந்த மாப்பிள்ளைங்கற பேரப் போட்டது நான்தான்" என்றாள். "அவன் சரி பண்ணிக் குடுத்த அன்னைக்கே, நீங்க தெறந்தபடி வச்சிட்டுப் போனப்ப போட்டேன். எப்படியும் ஆகப்போறதுதானன்னு."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நம்பவா போறீங்க?"

சுபா கதவருகே நின்றது. மூன்று நாளைக்குப் பிறகு என்னிடம் வாயைத் திறந்தது. "போன எடுத்துட்டு நேர்ல போங்கப்பா. வேற ஆள விட்டுச் சொல்லாதீங்க."

போனேன். ஞாயிற்றுக்கிழமை, கடையில் போன தடவையைவிடக் கூட்டம். அதுவும் சரிதான். எல்லாரும் பார்க்க, அணைத்து வைத்திருந்த போனை எடுத்து மேசையில் வைத்தேன். லாக் எண்ணை எல்லார் காதிலும் விழும்படி சத்தமாகச் சொன்னேன். சுபா பிறந்த வருஷம்.

"பாருங்க மாப்ளே" என்றேன்.

எனக்கு வேறு மாதிரி மன்னிப்புக் கேட்கத் தெரியாது. பையன் போனை எடுக்கவில்லை. முதலில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டான். "உக்காருங்க" என்றான். மாமா என்று சொல்லவில்லை.

முதலில் சிம்மைக் கழற்றினான். பிறகு தேடினான். அந்த ஆப்புக்குப் படமும் இல்லை, பேரும் இல்லை. பட்டியலில் ஒரு வெற்றிடம் மட்டும் இருந்தது. என் மெசேஜைப் படிக்க, திரையைப் பார்க்க, என் பெயரில் அனுப்ப எல்லாவற்றுக்கும் அனுமதி வாங்கி வைத்திருந்தது. "இதுக்கெல்லாம் யாரு சரின்னு குடுத்தது?" என்று கேட்டான். "கல்யாண வீடுன்னு நெனச்சு நாந்தான்" என்றேன். பக்கத்தில் நின்ற ஆள் சிரிப்பை அடக்கியது தெரிந்தது. சிரிக்கட்டும்.

உள்ளே இருந்ததை எல்லாம் அழித்துப் புதுப் போன் மாதிரி ஆக்கிக் கொடுத்தான். அழிப்பதற்கு முன்னால் நம்பர்களை மட்டும் ஒரு தாளில் எழுதித் தந்தான். பேங்க் ரகசிய எண்ணெல்லாம் வேறு போனிலிருந்து மாற்றச் சொன்னான்.

"எம் மேலயும் தப்பு இருக்கு" என்றான். "தெரியாத நம்பர்னு சொன்னேன். தெரிஞ்ச நம்பர்லருந்துதான் இப்ப வருதுன்னு சொல்லியிருக்கணும். ஃபைலு பேரு கடைசில ஏபிகேன்னு இருந்தா அது கார்டு இல்ல, ஆப்பு. பெத்த தாய் அனுப்புனாலும் தொடக் கூடாது, மாமா."

அந்தக் கடைசி வார்த்தைக்காக ஒரு லட்சத்து எண்பதாயிரம் போனால் போகட்டும் என்று எழுத நினைத்தேன். அதெல்லாம் பொய். பணம் பணம்தான். ஆனாலும் காதுக்கு நன்றாக இருந்தது.

மே 28, புதன்

போன் போட்டு எச்சரித்தால் யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். என் நம்பரே திருட்டு நம்பர் என்று ஊருக்குள் பரவிவிட்டதாம். மெசேஜ் அனுப்பினால் திறக்காமலே அழிக்கிறார்கள். நல்லதுதான், ஆனால் திறந்து தொலைத்தவர்களுக்கு யார் சொல்வது?

மாப்பிள்ளை கடையைப் பூட்டிவிட்டு வந்தான். அவன் வண்டியை ஓட்ட, நான் பின்னால் தாளோடு உட்கார்ந்து வீடு வீடாகப் போகிறோம். கல்யாணத்துக்கு அழைக்கிற மாதிரியே. என்ன, வெற்றிலைத் தட்டுதான் இல்லை.

பூசாரி வீட்டில் காபி வந்தது. "தட்டுகூட இல்லாம அழைக்க வந்திருக்கேரே!" என்றார்.

"அழைக்க வரல சாமி. வராதீங்கன்னு சொல்ல வந்தேன். அந்தக் கார்டத் தெறந்தீங்களா?"

"தெறந்தேன். புள்ளையாருதான வந்தாரு. கும்புட்டுட்டு மூடிட்டேன்."

போனை வாங்கி மாப்பிள்ளை தோண்டினான். உள்ளே உட்கார்ந்திருந்தது. பணம் இன்னும் போகவில்லை. பூசாரி கணக்கில் போவதற்கு ஒன்றும் இல்லை என்பதும் ஒரு காரணம்.

இஞ்சி வியாபாரி கதவையே திறக்கவில்லை. ஜன்னல் வழியாக, "நெசமா நீருதானா? எங்க, போன மாசம் எனக்கு எந்த விலைக்குப் பழம் குடுத்தீரு, சொல்லும்?" என்றார். சொன்னேன். பிறகுதான் தாழ்ப்பாள் விலகியது. எனக்குக் கோபம் வரவில்லை. நான் சொல்லிக் கொடுத்த பாடம்தான்.

போகிற இடமெல்லாம், "எப்படி அண்ணாச்சி நீங்களே ஏமாந்தீங்க?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொரு வீட்டிலும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. முதல் வீட்டில் நாக்கு ஒட்டிக்கொண்டது. சாயங்காலத்துக்குள் பழகிவிட்டது. நான் சொன்ன பிறகுதான் அவர்களும் சொல்கிறார்கள். ஆபிரகாம் பத்தாயிரம் போனதை மனைவியிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்தார்.

ஜூன் 12, வியாழன்

மாடத்தி பணத்தில் பெரும்பகுதியை வழியிலேயே நிறுத்திவிட்டார்களாம். திரும்ப வருமாம். அவள் தெரிந்த அன்றைக்கே சொன்னாள். என்னுடையது போனது போனதுதான். நான் சுரண்டைக்குச் சண்டை பிடிக்கப் போயிருந்தேனே.

மழை. எலுமிச்சை அடிமட்ட விலை.

சுரண்டைக்குப் பதில் சொல்லியாயிற்று. சுபாவிடம் கேட்டேன். "உங்களுக்கு சம்மதம்னா சரிப்பா" என்று சொல்லிவிட்டு வாசல் வரைக்கும் ஓடியது. இது வெயில் கூச்சம் இல்லை. மழைதான் பெய்கிறதே.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

அழைப்பிதழ் அச்சாகி வந்துவிட்டது. மஞ்சள் தடவினோம். போனில் ஒருத்தருக்கும் அனுப்பக் கூடாது என்று வீட்டில் உத்தரவு போட்டிருக்கிறேன். தட்டு, வெற்றிலை, பாக்கு, கார்டு. முதல் அழைப்பு சாமிக்கு, இரண்டாவது மாடத்திக்கு என்று நானும் சொர்ணமும் கிளம்பினோம்.

மாடத்தி தோட்டத்தில் புது மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். தட்டை நீட்டினேன். வெற்றிலை பாக்கை எடுத்துக்கொண்டாள். கார்டைத் தொடவில்லை. கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தாள்.

"இதப் பிரிச்சா ஒண்ணும் ஆயிராதுல்ல அண்ணாச்சி?"

சொர்ணம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூட்டையைக் கவிழ்க்காமல் நான் விலை சொன்ன ஒரே ஆள், என் மூட்டையைக் கவிழ்த்துக் காட்டச் சொல்கிறாள். கேட்க வேண்டியவள்தான்.

வரப்பிலேயே உட்கார்ந்து, உறையைக் கிழித்து, கார்டை விரித்தேன். பெண் பேர் படித்தேன், மாப்பிள்ளை பேர் படித்தேன், மண்டபத்தின் பேரும் படித்தேன்.

"தேதி போட்டிருக்கா?" என்றாள்.

"போட்டிருக்கு. ஆவணி பதினஞ்சு, ஞாயித்துக்கெழம."

"அப்பச் சரி, வாரேன்" என்று கார்டை வாங்கிக்கொண்டாள்.